மிகையாய் வந்த உதவித் தொகையும் வீட்டுக் கடன்களும்

குடியானவர் வீட்டில் கையில் பணம் புழங்கும் காலம் ஆண்டில் ஒன்று அல்லது இரண்டு தடவைகளே. களத்து நெல் விலையாகி வந்த பின் சில வாரங்கள் கை தாராளமாயிருக்கும்; மற்ற மாதங்களெல்லாம் கடனும் கைமாற்றும் பால் காசுமாகவே கழியும். இத்தகைய குடும்பத்தில், சர்க்காரிடமிருந்து வந்த உதவித் தொகையில் ஒரு பகுதி தகுதியின்றிக் கொடுக்கப்பட்டதாதலால் அதனைத் திருப்பிச் செலுத்துக என்று ஓர் அறிவிப்பு வருமாயின், அது பெருங் கலக்கத்தை உண்டாக்குதல் இயல்பே. அக்கலக்கத்தில் செய்யப்படும் தவறு, திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையைக் காட்டிலும் அதிக நஷ்டத்தை விளைவிப்பதுண்டு. ஆகையால் அவ்வறிவிப்பைப் பெற்ற குடும்பத்தார் மற்றக் கடன்களுக்கும் பழுது வராமல் இத்தொகையைத் தீர்க்கும் வழியை இங்கே விளக்குவோம்.

உதவித் தொகையின் விவரம்

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்னும் திட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ஆம் தேதி தொடங்கப் பெற்று, 2018 டிசம்பர் 1-ஆம் தேதி முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. சாகுபடி நிலமுடைய குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 6,000 வீதம், நான்கு மாதத்துக்கொரு முறை ரூ. 2,000 ஆக மூன்று தவணைகளில் இத்தொகை வங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்படுகிறது. ஆரம்பத்தில் 2 ஹெக்டேர் வரை நிலமுடையவர்களுக்கே உரியதாயிருந்த இவ்வுதவி, 2019 ஜூன் மாதம் முதல் நிலத்தின் அளவைக் கருதாது எல்லா நிலவுடைமைக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இதில் 'குடும்பம்' என்னும் சொல்லே முக்கியமானது. கணவன், மனைவி, வயது வராத மக்கள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். கணவன் பெயரில் ஒரு பட்டாவும் மனைவி பெயரில் வேறொரு பட்டாவும் இருந்தபோதிலும் உதவித் தொகை ஒன்றே. வயது வந்து, தன் பெயரில் தனிப் பட்டா உடைய மகனோ, பாகம் பிரிந்த சகோதரனோ வேறு குடும்பமாவர்.

மேலும், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்கள், மத்திய மாநில சர்க்கார்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் உத்தியோகம் வகிப்பவர்கள் அல்லது வகித்து ஓய்வு பெற்றவர்கள், மாதம் ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுபவர்கள், பதிவு பெற்றுத் தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காயர் முதலியோர், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள் ஆகியோரைக் கொண்ட குடும்பங்களுக்கு இவ்வுதவி இல்லை. உத்தியோகஸ்தர், ஓய்வூதியர் ஆகிய இவ்விரு வகையிலும் கடைநிலை ஊழியர்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. நிலம் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குள் பெயர் மாற்றம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் விதி. அதன் பின் நிலச் சொந்தக்காரர் இறந்து வாரிசு முறையில் வந்த நிலத்திற்கு இவ்விதி தடையன்று.

தொகை மிகையாய் வந்த விதம்

தகுதியற்ற பணம் ஒருவர் கணக்கில் வந்து சேர்வது மூன்று விதமாய் நேரிடுகிறது. விதி தெரியாமல் கணவனும் மனைவியும் தனித்தனியே பதிவு செய்து கொள்வது ஒரு விதம். பதிவு செய்த காலத்தில் தகுதி இருந்து, பின்னர் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததாலோ வருமான வரி செலுத்தியதாலோ தகுதி நீங்கியும், அதனைத் தெரிவிக்காது விட்டுவிடுதல் இரண்டாவது. மூன்றாவது, இடைத்தரகர் கையில் ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் ஒப்புவித்துவிட்டு, அவர் எந்தத் திட்டத்தில் எவ்விதம் பதிந்தார் என்பதைக் கேளாதிருத்தல்.

இம்மூன்றாவது விதத்தின் கேட்டினைத் தமிழ்நாடு 2020-ஆம் ஆண்டில் கண்டது. அதிகாரிகளுக்குரிய கணினிக் கடவுச் சொற்களைச் சிலர் முறைகேடாகப் பயன்படுத்தி, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் தகுதியற்றவர்களைத் திரள் திரளாகப் பதிந்துவிட்டனர். 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் தகுதியற்றவை எனக் கண்டறியப்பட்டன. தவறாகச் சென்ற தொகை சுமார் 110 கோடி ரூபாய். குற்றப் புலனாய்வுப் பிரிவினர் விசாரணை நடத்திப் பலரைக் கைது செய்தனர். தொகையில் ஒரு பகுதி கணக்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இவ்வாறு நேரும்போது தரகருக்குக் கமிஷன் கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெறுவதில்லை. ஆனால் சர்க்காருக்கு முழுத் தொகையையும் திருப்ப வேண்டியவராகிறார்.

எனினும் பிழை வேறு, மோசடி வேறு. விதி அறியாமல் இரண்டு பெயரில் பெற்றுவிட்ட குடும்பத்தார் வெட்கப்பட்டு அறிவிப்பை மறைத்து வைப்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை. மறைப்பதனால் ஒவ்வொரு தவணையும் சேர்ந்து சேர்ந்து தொகைதான் பெருகும்.

முதலில் செய்ய வேண்டியவை

அறிவிப்பு வந்தவுடன் பணத்திற்கு அலையலாகாது. அதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, அறிவிப்பு சரியானதா என்று பார்த்தல். எந்தக் காரணத்தால் தகுதி இல்லை என்று கூறப்பட்டிருக்கிறது, எத்தனை தவணை, எந்தத் தேதிகள் என்பனவற்றை வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாகம் பிரிந்த தம்பியை அண்ணன் குடும்பத்தோடு சேர்த்துவிட்டதும், இறந்த தந்தையிடமிருந்து வாரிசாய் வந்த நிலத்தைக் கிரய நிலமாகக் கொண்டதும் போன்ற பிழைகள் நேரக்கூடும். அவ்வாறாயின் சிட்டா, குடும்ப அட்டை, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். குறைகளைக் கேட்பதற்கு மாவட்ட அளவில் குழு அமைக்கப்பட வேண்டுமென்றும், இயன்றவரை இரண்டு வாரத்திற்குள் தீர்வு கூற வேண்டுமென்றும் திட்ட விதிகளே கூறுகின்றன.

இரண்டாவது, அறிவிப்பு சரியானதாயின் மேற்கொண்டு தவணை வராமல் நிறுத்துதல். திட்டத்தின் இணையதளத்தில் உதவியைத் தாமாகவே விட்டுக்கொடுப்பதற்கு வழி வைக்கப்பட்டிருக்கிறது. கணவன் மனைவி இருவரும் பெற்றிருந்தால், எவருடைய நிலம் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்கு முன்னரே பெயர் மாற்றம் ஆனது என்று பார்த்து, விதிக்குப் பொருந்தும் பதிவை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும். அவசரத்தில் பொருந்தும் பதிவையே நீக்கிவிடக் கூடாது. விசாரணை முடியும் வரையில் இருவருடைய தவணையும் நிற்கக்கூடும். ஆகையால் அப்பணத்தை நம்பி எந்தச் செலவையும் ஏற்கலாகாது.

மூன்றாவது, வீட்டின் கடன்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுதல். பலர் இதனைச் செய்வதில்லை. கணவன் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாது. மனைவி சுய உதவிக் குழுவில் பெற்ற கடன் கணவனுக்குத் தெரியாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் நாட்டுப் பழமொழி. கடனையும் அவ்வாறே அளந்த பின்னரே அடைக்கத் தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணம்

ஆற்றுப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நன்செய் உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். மூன்று ஏக்கர் கணவன் பெயரிலும், தாய் வீட்டார் எழுதி வைத்த ஓர் ஏக்கர் மனைவி பெயரிலும் உள்ளன. இருவரும் உதவித் தொகை பெற்று வந்தனர். மனைவி கணக்கில் வந்த 12 தவணைகள், அதாவது ரூ. 24,000, திருப்ப வேண்டியதென்று கார்த்திகை மாதத்தில் அறிவிப்பு வருகிறது. சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. கையில் பணமில்லை. அக்குடும்பத்தின் கடன்கள் பின்வருமாறு:

1. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் ரூ. 90,000, தவணை நாள் மாசி மாத முடிவு.
2. வங்கியில் நகைக் கடன் ரூ. 60,000; வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கொள்வோம்; ஆண்டு வட்டி ரூ. 5,400.
3. ஊரில் ஒருவரிடம் கைக்கடன் ரூ. 25,000, வட்டி நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், மாத வட்டி ரூ. 750.
4. சுய உதவிக் குழுக் கடனில் பாக்கி ரூ. 15,000; மாதத் தவணை ரூ. 1,500.
5. சர்க்காருக்குத் திருப்ப வேண்டியது ரூ. 24,000.

கறவைப் பசு ஒன்றினால் தீவனச் செலவு போக மாதம் ரூ. 4,000 வருகிறது. அதில் குழுத் தவணையும் கைக்கடன் வட்டியும் சேர்ந்து ரூ. 2,250 போய்விட, ரூ. 1,750 வீட்டுச் செலவுக்கு மிஞ்சுகிறது.

இந்நிலையில் பயந்துபோன குடும்பத்தார் செய்வது யாது? கைக்கடன் கொடுத்தவரிடமே சென்று மேற்கொண்டு ரூ. 24,000 வாங்கிச் சர்க்கார் தொகையைக் கட்டிவிட்டுப் பெருமூச்சு விடுவர். கைக்கடன் ரூ. 49,000 ஆகிவிடும், மாத வட்டி ரூ. 1,470. கார்த்திகையிலிருந்து மாசி வரை மூன்று மாதத்தில் புதுக் கடனுக்கு மாத்திரம் வட்டி ரூ. 2,160. அஃதாவது உதவித் தொகையின் ஒரு தவணைக்கும் மேலான பணம் வீணாயிற்று. நல்ல விளைச்சல் கண்டால் நஷ்டம் இவ்வளவோடு நிற்கும். அறுவடைச் சமயத்தில் மழை பெய்து கதிர் சாய்ந்துவிட்டால், அக்கடன் அடுத்த ஆண்டும் தொடர்ந்து, ஓராண்டுக்கு ரூ. 8,640 வட்டியை விழுங்கும்.

வேறு சிலர் பசுவை விற்பர். அதனால் மாதம் ரூ. 4,000 வரும்படி அற்றுப்போய், குழுத் தவணையும் தவறும். குழுவில் ஒருவர் தவறினால் மற்றப் பெண்களுக்கும் அடுத்த கடன் கிடைப்பது அரிதாகும். இன்னும் சிலர், சங்கக் கடனுக்கென்று வைத்த பணத்தை எடுத்துச் சர்க்காருக்குச் செலுத்துவர். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க் கடனை உரிய நாளுக்குள் திருப்புவோருக்கு வட்டி இல்லை. அந்த வட்டியைச் சர்க்கார் ஏற்கிறது. நாள் தவறினால் அச்சலுகை போய்விடும். 7 சதவீதம் என்று கணக்கிட்டாலும் ரூ. 90,000-க்கு ஓராண்டு வட்டி ரூ. 6,300 ஆகும். பழைய கடன் நிலுவையில் நிற்கும்போது அடுத்த போகத்திற்குப் புதுக் கடனும் கிடையாது. விதைக்கும் உரத்திற்கும் மீண்டும் மூன்று வட்டிக் கடனே கதியாகும்.

செய்யத்தக்க முறை

ஆகவே எந்தக் கடன் முதலில் என்பதை, யார் உரக்கக் கேட்கிறார்கள் என்பதைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. எதனைத் தாமதித்தால் எவ்வளவு நஷ்டம் என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். உழவுக்கும் ஜீவனத்திற்கும் ஆதாரமான பசு, விதை நெல், பயிர்க் கடன் சலுகை ஆகியவற்றைத் தொடலாகாது. மாத வட்டி பெருகும் கடனை மேலும் வளர்க்கலாகாது. சர்க்கார் தொகையைப் பொறுத்தவரை, அது நம்முடையதன்று என்பதை ஒப்புக்கொண்டு, தீர்க்கும் நாளை எழுத்தில் குறித்து, அந்நாளைத் தவறாமல் காக்க வேண்டும்.

மேற்படி குடும்பத்தார் செய்ய வேண்டியது, அறிவிப்பு வந்த வாரத்திலேயே வேளாண்மை உதவி இயக்குநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதாகும். தொகை வந்ததை ஒப்புக்கொள்வதாயும், மனைவி பெயரிலுள்ள பதிவை விட்டுக்கொடுத்து விட்டதாயும், இத்தனை ஏக்கர் சம்பா நிற்கிறதாதலின் மாசி மாதம் நெல் விற்றவுடன் ரூ. 24,000 முழுவதையும் செலுத்துவதாயும் அதில் கண்டிருக்க வேண்டும். அறிவிப்பின் நகலும் அடங்கலின் நகலும் இணைக்க வேண்டும். அவகாசம் அளிப்பதும், பகுதி பகுதியாய் ஏற்பதும் அலுவலகத்தின் முடிவைப் பொறுத்தன. ஆதலால் வாய்ச் சொல்லை நம்பிவிடாமல் விடையையும் எழுத்திலேயே பெறுதல் வேண்டும்.

அவகாசம் கிடைத்து, மாசியில் அறுப்புக் கூலியும் வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் நீக்கிய நெல்லின் விலையாக ரூ. 1,60,000 கைக்கு வந்ததென்று கொள்வோம். சங்கக் கடன் ரூ. 90,000 செலுத்தினால் ரூ. 70,000 மிஞ்சும். சர்க்கார் தொகை ரூ. 24,000 செலுத்தினால் ரூ. 46,000 மிஞ்சும். கைக்கடன் ரூ. 25,000 அடைத்தால் ரூ. 21,000, நகைக் கடனுக்கு வட்டி ரூ. 5,400 கட்டிப் புதுப்பித்தால் ரூ. 15,600 கையில் நிற்கும். சங்கத்தில் புதுப் பயிர்க் கடனும் கிடைக்கும். மாதந்தோறும் கைக்கடனுக்குப் போன ரூ. 750 இனி வீட்டில் தங்கும்; அதனைச் சிறுகச் சேர்த்து நகைக் கடனின் அசலைக் குறைத்து வரலாம்.

அவகாசம் மறுக்கப்பட்டால் என் செய்வது? அப்பொழுதும் மூன்று வட்டிக் கடன் கூடாது. வீட்டில் அடகு போகாத நகை சிறிதிருந்தால் அதனை வங்கியில் வைத்து ரூ. 24,000 பெறலாம். 9 சதவீதப்படி மூன்று மாத வட்டி ரூ. 540. கைக்கடனில் மூன்று மாதத்திற்கு ஆகும் ரூ. 2,160 வங்கியில் ஓராண்டு முழுவதற்கும் ஆகும் வட்டி என்பதைக் கவனிக்க வேண்டும். நகையை வைப்பது இல்லத்தாருக்கு மனவருத்தமே. ஆயினும் மாசியில் மீட்பதென்று நாள் குறித்து வைத்தால் அது பொறுக்கத்தக்கது.

விளைச்சல் குறைந்து ரூ. 1,10,000 மாத்திரமே வந்ததாயின், சங்கக் கடனும் நகை வட்டியும் போக ரூ. 14,600 மிஞ்சும். அப்பொழுது ஓடி ஒளியாமல், விளைச்சல் கணக்கோடு மறுபடியும் விண்ணப்பித்து, இயன்ற தொகையை முதலில் செலுத்த அனுமதி கேட்பதே நேர்மையும் யுக்தியுமாகும். சொன்ன நாளில் வந்து நிலைமையைச் சொல்லும் குடியானவருக்கும், கூப்பிட்டும் வாராதவருக்கும் அதிகாரிகள் காட்டும் பொறுமை ஒன்றாயிராது.

செலுத்துகையில் ஜாக்கிரதை

பணத்தைத் திட்டத்தின் இணையதளத்தில் திருப்பிச் செலுத்துதற்கென உள்ள பகுதியிலோ, அலுவலகம் எழுத்து மூலம் காட்டும் சர்க்கார் கணக்கிலோ மாத்திரமே செலுத்த வேண்டும். எவர் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கலாகாது. கணினி அறியாதவர் பொதுச் சேவை மையத்திற்குப் படித்த மகனையோ மகளையோ உடனழைத்துச் செல்வது நலம். தொலைபேசியில் அழைத்து, தொகையை இப்பொழுதே அனுப்புக என்றோ, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லுக என்றோ கேட்பவன் வஞ்சகனே. சந்தேகம் தோன்றினால் திட்டத்தின் உதவி எண் 155261-க்குப் பேசித் தெளியலாம்.

செலுத்திய இரசீது, வங்கிப் புத்தகத்தில் அப்பதிவுள்ள பக்கத்தின் நகல், விண்ணப்பத்திற்கு அலுவலகம் அளித்த ஒப்புகை ஆகியவற்றைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். தொகை வரவு வைக்கப்பட்டுப் பாக்கி இல்லை என்று அலுவலகத்தில் எழுதி வாங்கினாலன்றிக் காரியம் முடிந்ததாகாது. சில ஆண்டுகள் கழித்து வேறோர் அதிகாரி வந்து அதே தொகையைக் கேட்டால், ஞாபகம் சாட்சியாகாது, காகிதமே சாட்சி.

கைக்கடன் கொடுத்தவர் அச்சுறுத்தினாலோ, கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலிய கொடும் வட்டி கேட்டாலோ, 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் இவ்விஷயத்தில் பெரும் உபகாரம் செய்யக்கூடியவர்கள். பட்டாவில் பெயர் மாறிய தேதியையும் குடும்பம் பிரிந்த நிலையையும் அவர்களே நன்கறிவர். அறிவிப்பைக் கொடுக்கும்போது சாவடியில் பலர் முன்னிலையில் பெயர் கூறிப் படியாமல், வீட்டாரிடம் காரணத்தையும் தவணைக் கணக்கையும் விளக்கி, ஆட்சேபணைக்குள்ள வழியையும் அவகாசம் கேட்கும் வழியையும் உடன் சொல்லுதல் தகும். எக்காரணத்தைக் கொண்டும் தொகையைத் தம் கையில் வாங்கலாகாது. சம்பா நெல் களத்திற்கு வரும் காலத்தை அவர்கள் அறிந்திருப்பதால், விண்ணப்பத்தின் மீது உண்மை நிலையைக் குறித்து மேலே அனுப்பினால், மேலதிகாரிகள் முடிவு செய்வதும் எளிதாகும். அச்சுறுத்தலுக்கு அஞ்சி மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டிய தொகையால் சர்க்கார் கணக்கு நேராகும். ஆனால் அக்குடும்பம் அடுத்த போகத்தில் தரிசு போட்டால் கிராமத்திற்கு அது நஷ்டமே.

முடிவாகக் கூறுமிடத்து, உரிமையில்லாத பணத்தைத் திருப்புவது கடமை. அக்கடமையைச் செய்வதற்காக உழவின் முதலை அழித்துவிடாதிருத்தலும் கடமையே. பதிவை உடனே நிறுத்துதல், கணக்கைச் சரிபார்த்தல், எழுத்தில் நாள் குறித்தல், அறுவடைப் பணத்தில் சங்கக் கடனை அடுத்து இத்தொகையைத் தீர்த்தல், இரசீதைக் காத்தல் என்னும் இவ்வைந்தையும் கைக்கொள்ளும் குடும்பம், மறு ஆண்டு நாற்றங்காலுக்கு விதை கொண்டு போகையில் எவருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.